காசு கொடுத்து வாங்கின சிடி ஓடாது, திருட்டு சிடி ஓடும்... பழைய கேம்களுக்கு என்னதான் ஆச்சு?

போகிக்கு அலமாரியை ஒழிக்கும்போது பழைய சிடி டப்பா ஒன்று கையில் சிக்குகிறது. உள்ளே 'ஜிடிஏ: வைஸ் சிட்டி', 'தி சிம்ஸ் 2', 'பேட்டில்ஃபீல்டு 1942'. எல்லாமே ஒரிஜினல். ஸ்கூல் படிக்கும்போது வீட்டில் நச்சரித்து வாங்கியவை. இப்போதைய லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. பரவாயில்லை என்று யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை ஆர்டர் போடுகிறீர்கள். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறது. இன்ஸ்டாலும் ஆகிவிடுகிறது. ஆசையாக ஐகானை டபுள் கிளிக் பண்ணினால்... ஒண்ணுமே நடக்கலை.

சிடியில் கீறலா? இல்லை. லேப்டாப்புக்குத் தெம்பு இல்லையா? அதுவும் இல்லை. இந்த கேம்களைப் போல நூறு மடங்கு பெரிய கேம்களையே அது ஓட்டும். பிரச்னை, கேமுடன் சேர்த்து உங்களுக்கு விற்கப்பட்ட ஒரு பூட்டில் இருக்கிறது.

சிடிக்குள்ளே என்ன பூட்டு?

1990-களின் கடைசியில் சிடி ரைட்டர் விலை குறைந்து வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்தது. ஒருவர் கேம் வாங்கினால் தெருவே காப்பி போட்டுக்கொள்ளும் நிலை. கேம் கம்பெனிகள் பதறின. அப்போது வந்ததுதான் 'சேஃப்டிஸ்க்'. விஎச்எஸ் கேசட்டைக் காப்பி எடுக்க முடியாமல் செய்யும் நுட்பத்தால் பெயர் வாங்கிய அமெரிக்காவின் மேக்ரோவிஷன் நிறுவனம், 1998-ல் இதைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்த இன்னொரு பூட்டு, சோனி குழுமத்தின் 'செக்யூரோம்'.

இது எப்படி வேலை செய்யும்? தொழிற்சாலையில் சிடி அச்சடிக்கும்போதே வேண்டுமென்றே சில 'கெட்டுப்போன' பகுதிகளை அதில் வைத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் ரைட்டரால் அந்தக் கோளாறை அப்படியே நகல் எடுக்க முடியாது. கேமின் முக்கியமான ஃபைலும் சங்கேதமாக மாற்றப்பட்டிருக்கும். கேமைத் திறக்கும்போது ஒரு சின்ன புரோகிராம் முதலில் சிடியைப் பார்க்கும். 'கோளாறு இருக்கிற இடத்தில் கோளாறு இருக்கிறதா?' இருந்தால் ஒரிஜினல், கேம் திறக்கும். இல்லையென்றால் வாசலோடு சரி.

இந்தச் சோதனையை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, 'செக்டிரைவ்.சிஸ்' என்று ஒரு டிரைவரையும் பயன்படுத்தினார்கள். இது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். எக்ஸ்பி, விஸ்டா காலத்தில் மைக்ரோசாஃப்டே இதை விண்டோஸுடன் சேர்த்துக் கொடுத்தது.

விண்டோஸ் ஏன் கதவைச் சாத்தியது?

சிக்கலே அந்த டிரைவர்தான். ஒரு அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுக்குமான மாஸ்டர் சாவியை ஒரு வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை, ஒரே ஒரு வீட்டுக்கு வருபவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது மட்டும். ஆனால் அவரை ஏமாற்றி ஒருவன் சாவியை வாங்கிவிட்டால் மொத்த அபார்ட்மென்ட்டும் போச்சு.

அது நடந்தே விட்டது. 2007-ல் இந்த டிரைவரில் இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. சாதாரண யூசராக கம்ப்யூட்டருக்குள் நுழைந்த ஒருவர், இதை வைத்து முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு அவசரமாக ஒட்டுப் போட்டது. ஆனால் 2009-க்குப் பிறகு சேஃப்டிஸ்க்கை மேம்படுத்தும் வேலை நின்றுபோனது. பூட்டு செய்தவர் கடையைக் கட்டிவிட்டார், பூட்டு மட்டும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரை உள்ளே சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட், விஸ்டா, 7, 8 பதிப்புகளிலும் அதை அணைத்துவிட்டது. பாதுகாப்பு என்று பார்த்தால் இது சரியான முடிவுதான். ஆனால் ஒரு அப்டேட்டில், காசு கொடுத்து வாங்கிய ஏராளமான கேம்கள் திறக்காமல் போயின. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த விலையில் இப்படி ஒரு காலாவதித் தேதியும் அடக்கம் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

இதற்கும் முந்தைய சில கேம்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அவற்றின் இன்ஸ்டாலர் 16-பிட் காலத்தது. இன்றைய 64-பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது.

அப்போ திருட்டு சிடி மட்டும் எப்படி ஓடுது?

இதுதான் கதையிலேயே கடுப்பான இடம். 2000-களில் நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் பலர் விளையாடிய வைஸ் சிட்டி, பூட்டு உடைக்கப்பட்ட காப்பிதான். அதில் சிடி சோதனை கிடையாது, டிரைவரைத் தேடவும் செய்யாது. அதனால் சேஃப்டிஸ்க் செத்துப்போனது அந்தக் காப்பிக்குத் தெரியவே தெரியாது. நேர்மையாக வாங்கியவருக்குத்தான் தண்டனை.

கேம் கம்பெனிகளுக்கே இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. 2008-ல் 'ரெயின்போ சிக்ஸ்: வேகாஸ் 2' கேமை டவுன்லோடு செய்து வாங்கியவர்களுக்கு, கையில் இல்லாத டிஸ்க்கை கேம் கேட்டது. அதற்குத் தீர்வாக யுபிசாஃப்ட் தரப்பிலிருந்து வந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்த பிளேயர்கள் அதிர்ந்துபோனார்கள். அது 'ரீலோடட்' என்ற கிராக்கிங் குழு உருவாக்கிய ஃபைல்!

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதைப் பற்றிப் பேசுகிறது. காப்புரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்துடன்' என்ற சொல் இங்கே முக்கியம். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்தால் இது பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. முறையாக வாங்கிய சாஃப்ட்வேரை பேக்கப் எடுத்துக்கொள்ள 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் நெட்டில் கிடைக்கும் திருட்டு காப்பியை டவுன்லோடு பண்ண இது லைசென்ஸ் இல்லை.

அமெரிக்காவில் சட்டம் இன்னும் இறுக்கம். பூட்டைத் தொடுவதே தப்பு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரசு சில விதிவிலக்குகளை அறிவிக்கும். சர்வர் மூடப்பட்ட கேம்களுக்கு 2015-ல் அப்படி ஒரு விலக்கு கிடைத்தது.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

* முதலில் அந்த கேம் டிஜிட்டலாகத் திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008-ல் தொடங்கிய 'ஜிஓஜி' தளம், பழைய கேம்களைப் பூட்டே இல்லாமல் விற்கிறது. பல ஆண்டுகளாக விற்பனையில் இல்லாத சிம்ஸ் 2-ஐ, ஈஏ நிறுவனம் 2025 ஜனவரி கடைசியில் மறுபடி வெளியிட்டது.

* கேம் கம்பெனியே கொடுத்த கடைசி பேட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். 'ஸ்டார்கிராஃப்ட்' கேமுக்கு பிளிஸார்டு 2008-ல் கொடுத்த பேட்ச், சிடி இல்லாமலே விளையாட வழி செய்தது.

* எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதில் விளையாடலாம்.

* செய்யவே கூடாதது: ஏதோ ஒரு தளத்திலிருந்து 'செக்டிரைவ்.சிஸ்' ஃபைலை இறக்கி, விண்டோஸின் பாதுகாப்பை அணைத்துவிட்டு உள்ளே போடுவது. அதே தளத்தில் சம்பளக் கணக்குக்கான நெட் பேங்கிங்கும் திறக்கும் லேப்டாப் என்றால் வினையே வேண்டாம். 'நோ-சிடி கிராக்' என்ற பெயரில் வைரஸும் சுற்றுகிறது.

இது பழைய கதை மட்டும்தானா?

இல்லை. அன்று சிடி பார்த்த வேலையை இன்று சர்வர் பார்க்கிறது. 2014-ல் வந்த 'தி க்ரூ' கார் ரேஸ் கேமின் சர்வர்களை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் மூடியது. தனியாக விளையாடுவதற்குக்கூட சர்வர் தேவைப்பட்டதால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கேம் அன்றோடு முடிந்தது. இதை எதிர்த்துக் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். டிஜிட்டல் கடைகள் விற்பது பொருளையா, வெறும் லைசென்ஸையா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அதாவது, கையிலிருக்கும் டிஸ்க் திறக்காவிட்டால் பெரும்பாலும் வேறு வழியே இல்லை.

அடுத்த முறை ஆஃபரில் ஒரு கேம் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த கம்பெனி நாளைக்கு சர்வரை மூடினால், இது என்னிடம் இருக்குமா? பதில் 'இருக்காது' என்றால், நீங்கள் கொடுப்பது வாடகை. அதற்குத் தகுந்த விலையா என்று பார்த்து வாங்குங்கள்.