ஹாம் நிலையத்தின் குறிப்பேடு

பெங்களூரில் ஹாம் உரிமம் பெற்ற தமிழன்பர், தம் தொடர்புகளைக் கணிப்பொறியில் பதிந்துவைக்க எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? பதிவு எதற்காக என்பதே முதல் வினா.

அக்டோபர் இறுதியில் நிகழும் சி.க்யூ. உலகக் குரல்வழிப் போட்டி, நம் கடிகாரப்படி சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கி 48 மணி நேரம் நடைபெறுவது. எதிர் நிலையத்தின் அழைப்புக்குறியும் மண்டல எண்ணும் (நம் மண்டலம் 22) காதில் விழுந்த நொடியே பதிவாதல் வேண்டும். அதே பேண்டில் முன்னரே பேசிய நிலையமாயின், மென்பொருள் உடனே உணர்த்த வேண்டும். விண்டோஸ் கணிப்பொறிக்கு விலையின்றிக் கிடைக்கும் என்1எம்எம் லாகர் பிளஸ் இதற்கென்றே அமைந்தது.

40 மீட்டரில் மதுரை நண்பரோடு அளவளாவுவோர்க்கு அவ்விரைவு எதற்கு? பெயர், ஊர், உறுதி அட்டை வந்த விவரம் ஆகியன பல்லாண்டு நிலைத்தால் போதும். அதற்கு லாக்4ஓஎம் ஏற்றது, அதுவும் விலையில்லாததே.

எதுவாயினும், பதிவுகளை ஏ.டி.ஐ.எஃப். வடிவில் வெளியே எடுக்க இயலாத மென்பொருள் வேண்டவே வேண்டா. பின்னர் வேறொன்றிற்கு மாறும்போது பழைய பதிவெல்லாம் அதிலேயே சிறைப்பட்டுவிடும். நேரத்தையும் உலகப் பொது நேரத்திலேயே குறித்தல் வேண்டும். இங்கு விடியற்காலை 5 மணி, அக்கணக்கில் முந்திய நாள் இரவு 11.30. நாள் மாறிப் பதிந்தால் எதிர் நிலையத்தார் பதிவோடு நம் பதிவு பொருந்தாது; தொடர்பு உறுதிப்படாது.