உங்களுக்குத் தெரியுமா? – கார்ட்டூன் போட்ட பெண்கள்

சங்கர், குட்டி, அபு, ஓ.வி. விஜயன், அரவிந்தன்... இந்தியக் கார்ட்டூன் என்றாலே கேரளத்துப் பெயர்கள் வரிசைகட்டி வரும். அந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்! பெண்கள் வரையாமலில்லை. வரைந்தவர்களை நாம்தான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

● 'இந்திய அரசியல் கார்ட்டூனின் தந்தை' சங்கர் பட்டம் பெற்றது திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில். 1961 முதல் மாத்ருபூமி வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' வரைந்த அரவிந்தனும், அபு ஆபிரகாமும் கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்தது இதே ஊரில்தான். ஊர் கொண்டாடும் கார்ட்டூன் பெயர்கள் மூன்றும் ஆண்களுடையவை.

● மலையாளத்தில் பெண்களுக்கென்று வந்த முதல் இதழ் 'கேரளீய சுகுணபோதினி'. 1880களில் திருவனந்தபுரத்திலிருந்துதான் வெளிவந்தது. படிக்கத்தான் பெண்கள், நடத்தியவர்கள் ஆண்கள்.

● மலையாள வீடுகளில் எல்லாரும் அறிந்த சுட்டிப்பெண் 'போபனும் மோளியும்' தொடரின் மோளி. இந்தத் தொடருக்காகவே மனோரமா வார இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டியவர்கள் ஏராளம். வரைந்தவர் டாம்ஸ். பெண் படத்தில் இருந்தாள். பேனா ஆணின் கையில் இருந்தது.

● பேனா பெண்ணின் கைக்கு வந்தபோது, படத்திலிருந்த பெண்ணும் மாறினாள். 1982இல் பம்பாயின் 'சண்டே அப்சர்வர்' பத்திரிகையில் மஞ்சுளா பத்மநாபன் தொடங்கிய தொடரின் நாயகி சுகி. பறட்டைத் தலை, கல்யாணக் கவலை கிடையாது, யாரையும் மயக்கும் எண்ணமும் இல்லை. இதே மஞ்சுளாவின் 'ஹார்வெஸ்ட்' நாடகம் பின்னாளில் கிரேக்க நாட்டின் ஒனாசிஸ் பரிசு பெற்றது.

● நாளிதழில் அரசியல் கார்ட்டூன் வரைந்த வெகுசில இந்தியப் பெண்களில் ஒருவர் பெங்களூரின் மாயா காமத். 'கீதா' என்ற குடும்பத் தொடரில் தொடங்கி, 'ஏசியன் ஏஜ்' நாளிதழின் அரசியல் கார்ட்டூனிஸ்டாக உயர்ந்தார். 2001இல் 50 வயதில் காலமானார்.

● 2013இல் சாமியார் ஆசாராம் பாபுவை வரைந்ததற்காக மிரட்டப்பட்டவர் மும்பையின் கனிகா மிஸ்ரா. அடுத்த ஆண்டே கார்ட்டூனிஸ்டுகளுக்கான சர்வதேச வீர விருது அவருக்குக் கிடைத்தது.

● குச்சி மனிதர்களை மட்டுமே வரைபவர் 'சானிட்டரி பேனல்ஸ்' ரச்சிதா தனேஜா. அந்தக் குச்சிகளுக்காக 2020இல் உச்ச நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. 2024இல் கோஃபி அன்னான் பெயரிலான வீர விருது.

● பாகிஸ்தானின் முதல் பெண் கார்ட்டூனிஸ்ட் நிகார் நஸர். 1970களில் அவர் படைத்த 'கோகி', புள்ளிபோட்ட உடையும் குட்டை முடியுமாக இன்றும் வலம்வருகிறாள்.

● லண்டன் 'ஜூடி' இதழின் நட்சத்திரம் ஆலி ஸ்லோப்பர்: குடமிளகாய் மூக்கு, நசுங்கிய தொப்பி, வாடகை கேட்டு ஆள் வந்தால் சந்துக்குள் நழுவும் கில்லாடி. 1860களின் இறுதியிலிருந்து அவனைப் பக்கம் பக்கமாக வரைந்து வளர்த்தவர் மாரி டுவால் என்ற பெண். பெயரோ நெடுங்காலம் கணவர் சார்லஸ் ராஸ் கணக்கில் போனது.

● அமெரிக்காவின் டாலியா மெஸிக், ஆண் பெயர் போலத் தோன்றட்டும் என்று 'டேல்' ஆனார். 1940இல் அவர் தொடங்கிய 'பிரெண்டா ஸ்டார்' நாயகி ஒரு பத்திரிகை நிருபர்.

● எட்வினா டம் 1915இல் ஓஹையோ மாநிலப் பத்திரிகையொன்றில் முழுநேர அரசியல் கார்ட்டூனிஸ்ட் ஆனார். அமெரிக்கா முழுதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920இல்தான். தலைவர்களைக் கிண்டலடிக்கலாம், ஓட்டுத்தான் போட முடியாது!

● கார்ட்டூனுக்கு புலிட்சர் பரிசு 1922 முதல் தரப்படுகிறது. முதல் பெண்ணாக சிக்னி வில்கின்சன் அதை வாங்க 70 ஆண்டு ஆனது.

● ஜப்பானின் மச்சிகோ ஹசெகவா 1946இல் தொடங்கிய 'சசாயே-சான்', ஓர் இல்லத்தரசியின் கதை. 1969 முதல் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

● 2016இல் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழா, தன் உயரிய விருதுக்கு 30 பேரைப் பரிந்துரைத்தது. ஒரு பெண்கூட இல்லை! பட்டியலில் இருந்த ஆண்களே பலர் விலகிய பிறகுதான் விழாக் குழு இறங்கிவந்தது.

● மாயா காமத்தின் கார்ட்டூன்கள் இன்று பத்திரமாக இருப்பது மும்பையின் 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தில். அதை 1988இல் தொடங்கியவர்களில் ஒருவர் நம் எழுத்தாளர் அம்பை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வார இதழ்கள் இருந்தால், எடைக்குப் போடுமுன் கார்ட்டூனின் ஓரத்திலுள்ள கையெழுத்தைப் படியுங்கள். பெண் பெயரோ வெறும் முதலெழுத்தோ இருந்தால், படத்தை மட்டும் கத்தரிக்காமல் இதழின் பெயரும் தேதியும் சேர்ந்த முழுப் பக்கத்தையும் எடுத்துவையுங்கள்.