சிக்கனம் அடுக்களையில் இருக்கட்டும், தட்டில் வேண்டாம்!

கோடை விடுமுறை வந்தாலே நம்மில் பலருக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், மறு கண்ணில் கவலை. வீடு நிறையப் பிள்ளைகள் வருவார்கள் என்பது சந்தோஷம். அத்தனை பேருக்கும் காலை முதல் இரவு வரை என்ன செய்து போடுவது என்பது கவலை. இந்தக் கவலையை நான் நன்றாக அனுபவித்தது 1997-ம் வருட மே மாதத்தில். அப்போது கற்றுக்கொண்டதை இன்றும் கடைப்பிடிக்கிறேன். சகோதரிகளுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

அந்த வருடம் மார்ச் மாதம் என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். சம்பள பாக்கி எப்போது வரும் என்று தெரியாது. அவர் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலிக்குப் போனார். வருடா வருடம் என் நாத்தனாரின் மூன்று பிள்ளைகளும் பரீட்சை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போவது வழக்கம். என் இரண்டையும் சேர்த்தால் ஐந்து வாண்டுகள். எனக்குப் பகீரென்றது.

"எங்க தெருவில் அம்மை போட்டிருக்கு, இந்த வருஷம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்" என்று நாத்தனாருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். விளக்கேற்றப் போன என் மாமியார் கையில் அது சிக்கிவிட்டது. அவர் திட்டவில்லை. "ஏனம்மிணி, வர்ற புள்ளைங்களை இந்த வருஷம் பொய் சொல்லி நிறுத்திப்போடலாம். அடுத்த வருஷம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வான்னு கூப்பிடறது?" என்று மட்டும் கேட்டார். கார்டைக் கிழித்துப் போட்டேன்.

அன்று இரவே ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். அரிசி, பருப்பு போக, பிள்ளைகளின் தின்பண்டம், ஊர் சுற்றல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அந்த 300 ரூபாயில் செய்தவற்றில் சில:

கூழ் வடகம்: பச்சரிசி மாவு 4 டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், பச்சை மிளகாய் 10, சீரகம், பெருங்காயம், உப்பு, எலுமிச்சம்பழம் 2. ஜவ்வரிசியை முதல் நாள் இரவே ஊறப் போடவும். மறுநாள் 12 டம்ளர் தண்ணீரில், மாவு கரைக்க 3 டம்ளர் தனியே எடுத்துக்கொண்டு, மீதியைக் கொதிக்கவிட்டு ஜவ்வரிசியை வேகவைக்கவும். கண்ணாடி போல ஆனதும் மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், உப்பு போட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறவும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சைச் சாறு சேர்த்து, பழைய வேட்டியில் முறுக்கு அச்சால் பிழிந்து காயவிடவும். உப்பைக் கூழில் ருசி பார்க்கும்போது சற்றுக் குறைவாகத் தெரியும்படி போடுங்கள். காய்ந்தால் உப்பு ஏறிவிடும். நான் முதல் தடவை இது தெரியாமல் போட்டுவிட்டு, அத்தனையையும் வற்றல் குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தீர்த்தேன்!

சாத வடகம்: இரவு மீந்த சாதத்தை மசித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், அரைத்த மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் கிள்ளி வைத்தால் போதும். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். இரண்டு, மூன்று வெயிலில் காய்ந்துவிடும்.

தர்பூசணித் தோல் கூட்டு: பழத்தைத் தின்றுவிட்டு மீதியைக் குப்பையில் போடாதீர்கள். பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியைத் துண்டு போட்டு, வெந்த பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைக்கவும். தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்து ஊற்றி, கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் பூசணிக்காய்க் கூட்டு தோற்றுவிடும். ஒரு பழம் வாங்கினால் மாலைக்குப் பழம், மறுநாளைக்குக் காய்.

கடலை உருண்டை: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 2 டம்ளர், வெல்லம் 1 டம்ளர். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சவும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். உடனே கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு உருட்டவும்.

பானகம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி, சுக்குப் பொடி அரை ஸ்பூன், ஏலக்காய் 3, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. மண்பானையில் ஊற்றி வைத்தால் கடை கலர் எதுவும் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்காது.

பொழுதுபோக்குக்கும் செலவில்லை. புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 கொட்டை. மாமியாரே நடுவர். மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருப்பது முறை வைத்து. கறுப்புக் குடையை விரித்து வைத்து, காக்கா வந்தால் கை தட்ட வேண்டும். ஒரு நாள் புளிசாதமும் வடகமும் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் மருதமலை. படியேறிப் போய் சாமி கும்பிட்டுவிட்டு, மரத்தடியில் சாப்பாடு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனாரின் மூத்த பெண், 11 வயது, ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். இன்னொன்று போட்டுக்கோ கண்ணு என்றால், "வேண்டாங்க அத்தை, வயிறு ரொம்பிருச்சு" என்றாள். மறுநாளும் அப்படியே. மாமியார்தான் கண்டுபிடித்தார். நானும் என் கணவரும் இரவு நோட்டை வைத்துக்கொண்டு பேசியதை அந்தக் குழந்தை கேட்டிருக்கிறாள். எனக்குத் தொண்டையை அடைத்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

அப்போது மாமியார் சொன்னது: "சிக்கனம் அடுக்களையில இருக்கட்டும் அம்மிணி. தட்டுக்கு வந்துச்சுன்னா அது பஞ்சம்."

அன்று மாலை ஐந்து பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசினேன். "மாமாவுக்கு மில் இல்லை, காசு குறைச்சல்தான். அதனாலதான் கடைத் தின்பண்டம் இல்லை. ஆனா இந்த வீட்டில் சோத்துக்குக் குறைச்சல் இல்லை. யாரும் பசியோட எந்திரிக்கக் கூடாது" என்றேன். மறைத்து வைத்தபோது பயந்த பிள்ளைகள், சொன்னதும் சரியாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு நோட்டில் கணக்கு எழுதுவதே அந்தப் பெண்தான்! கடைசி வாரம் கோடை மழை பெய்தபோது, யாரும் சொல்லாமலே ஐந்து பேரும் மாடிக்கு ஓடி, வேட்டியோடு வடகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி உடைந்துவிட்டது. மின்விசிறிக் காற்றில் காயவைத்து, உடைசலைப் பொரித்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

பிள்ளைகளை அழைத்துப் போக வந்த நாத்தனாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி" என்று சண்டை பிடித்தார். கிழித்த போஸ்ட் கார்டைப் பற்றி மட்டும் நானும் சொல்லவில்லை, மாமியாரும் கடைசி வரை சொல்லவில்லை. 300 ரூபாயில் 22 ரூபாய் மிச்சம். அதையும் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்பினோம்.

இப்போது மாமியார் இல்லை. அந்தப் பெண்ணுக்கே இரண்டு பிள்ளைகள். விடுமுறைக்கு வந்தால் கையில் செல்போன்தான். ஆனாலும் வடகம் பிழிகிற அன்றைக்கு மாடியில் காவல் இருக்கப் போட்டி. தோசைக்கல் முன்னால் நிற்கும்போது மட்டும் நான் அந்தப் பிள்ளைகளிடம் "இன்னொன்று வேண்டுமா?" என்று கேட்பதே இல்லை. நேராகத் தட்டில் போட்டுவிடுகிறேன்.

சகோதரிகளே, கையில் காசு குறைந்த வருடம் யாருக்கும் வரும். வருகிற பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். உள்ளதை அவர்களிடமே சொல்லி, கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். வடகத்தில் உப்பு மட்டும் கவனம்!

— ஒரு வாசகி, சிங்காநல்லூர், கோவை.