"அறையிலே நசிந்தது என்று சொல்!"

அரபு நாட்டில் ஒருவராவது உழைக்காத வீடு எம்மவரிடையே குறைவு. நாம் இங்கே அகதி விண்ணப்பப் பத்திரங்களோடு அலையும்போது, அங்கே அண்ணனோ மைத்துனரோ வெயிலில் நிற்கிறார். எமது உறவினர் ஒருவர் ராஸ் அல் கைமாவில் கல்லுடைக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். ஒருநாள் அவருடைய இரண்டு விரல்கள் இயந்திரப் பட்டியில் அகப்பட்டு நசிந்தன. வைத்தியசாலைக்கு ஏற்றிச்சென்ற போர்மன் வழியில் சொன்னார்: "அறைக் கதவுக்குள்ளே நசிந்தது என்று சொல், மிச்சத்தைக் கொம்பனி பார்க்கும்." அவரும் அப்படியே சொல்லிவிட்டார்.

இந்த ஒரு வசனத்தின் விலை என்ன தெரியுமா? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி, சாதாரண சுகவீனம் என்றால் முதல் 15 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாட்களுக்குப் பாதி, அதன் பிறகு ஒன்றுமில்லை. வேலையில் பட்ட காயம் என்றாலோ மருந்துச் செலவு முழுவதும் முதலாளியுடையது. சிகிச்சை முடியும்வரை, 6 மாதம் வரைக்கும் முழுச் சம்பளம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் இன்னும் 6 மாதம் பாதிச் சம்பளம். உயிர் போனால் குடும்பத்துக்கு 24 மாத அடிப்படைச் சம்பளம், 18,000 திர்ஹாமுக்குக் குறையாமலும் 200,000க்கு மேற்படாமலும். 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் உச்சவரம்பு வெறும் 35,000 தான்.

இவையெல்லாம் எழுத்தில் இருந்தால்தான். விபத்தை அறிந்த 48 மணித்தியாலத்துக்குள் முதலாளி தொழில் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். 50 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் காயங்களையும் தொழில்நோய்களையும் பதிந்துவைக்க ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது 2022இன் அமைச்சரவைத் தீர்மானம். காயமில்லாத பதிவேட்டைக் காட்டுவதில் பல கொம்பனிகளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு எம்மவரின் விரல்களா?

விரல் நசிந்தால் இரத்தமாவது தெரியும். சுண்ணக்கல், சீமெந்து, ஓடு, பீங்கான் என்று தூசியோடு பிழைக்கும் ஊர் அது. களிமண்ணிலும் மணலிலும் உள்ள சிலிக்காத் தூசி வருடக்கணக்கில் நெஞ்சில் படிந்து, வேலையை விட்டு ஊர் திரும்பிய பின்னர்கூட நோயாக வெளிப்படும். பட்ட சேதத்தை எந்த மருந்தும் மாற்றாது. அந்த வேளையில் கையிலிருக்கும் பழைய வைத்திய அறிக்கைகள்தான் பேசும்.

ஆகவே, வாசகர்களே, அடுத்தமுறை தொலைபேசியில் கதைக்கும்போது காசு வந்ததா என்று மட்டும் கேளாதீர்கள். காயம் பட்டால் டாக்டரிடம் முதல் தரமே உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அறிக்கையின் பிரதி, திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர்களின் பெயர் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். முறைப்பாட்டுக்கு அமைச்சின் 80084 என்ற இலக்கம் இருக்கிறது.

ரொறன்ரோவில் பண்டகசாலை வேலைக்குப் போகத் தொடங்கியிருப்போருக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோவில் முதலாளி 3 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்காவிட்டால் நீங்களே அறிவிக்கலாம்.

எமது உறவினர், கூட நின்ற இரண்டு பேரின் சாட்சியத்தோடு மறுபடியும் டாக்டரிடம் போனார். முறைப்பாடு பதியப்பட்டிருக்கிறது. போர்மன் இப்போது அவரோடு கதைப்பதில்லை.