நெடுந்தூர ஓட்டமும் நெடுநாள் விசுவாசமும்



கிறிஸ்தவ வாழ்வு ஒரு மாரத்தான் ஓட்டம் போன்றது என்று மறையுரைகளிலும் தியானங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுத் தலையசைக்கிறோம், ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம். மாரத்தான் ஓடுகிறவர் அதற்காக எப்படித் தயாராகிறார் என்று தெரிந்தால் இந்த ஒப்புமை இன்னும் தெளிவாகப் புரியும். எங்கள் பங்கைச் சேர்ந்த நால்வர் சில மாதங்களாக மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்து வருகிறோம். அந்தப் பயிற்சியின் உயிர்நாடியான நீண்ட ஓட்டத்தைப் பற்றியும், அதில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தூய பவுல் அறிந்த ஓட்டம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தூய பவுல் மாரத்தான் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. அவர் காலத்துக் கிரேக்கப் போட்டிகளில் மிக நீளமான ஓட்டமே 5 கி.மீ. தூரத்தைத் தாண்டாது. மாரத்தான் என்ற போட்டி 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில்தான் பிறந்தது. இன்று நாம் அறிந்துள்ள 42.195 கி.மீ. என்ற தூரம் 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921ஆம் ஆண்டு நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

ஆனால் ஓட்டப் பந்தயம் பவுலுக்குப் புதிதல்ல. கொரிந்து நகருக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடந்துவந்தன. பவுல் அந்நகரில் ஒன்றரை ஆண்டு தங்கிப் பணியாற்றியவர் (திப 18:11). அதனால்தான் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டக்காரரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார் (1 கொரி 9:24-27). அந்தப் பகுதியை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். அவர் பரிசைப் பற்றி மட்டும் பேசவில்லை. பரிசுக்கு முன்னால் வரும் பயிற்சியையும் தன்னடக்கத்தையும் பற்றிப் பேசுகிறார். வாடிப்போகும் ஓர் இலைமுடிக்காக அவர்கள் இவ்வளவு பாடுபடும்போது, அழியாத முடிக்காக நாம் என்ன செய்கிறோம் என்பதே அவர் கேள்வி. பந்தயம் ஒரே நாளில் முடிந்துவிடும். பயிற்சியோ பல மாதங்கள் நடக்கும். அதைப் பார்த்துக் கைதட்ட யாரும் வருவதில்லை.

நீண்ட ஓட்டம் என்றால் என்ன?

மாரத்தான் பயிற்சி பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் நடக்கும். வாரத்தில் சில நாள்கள் குறைந்த தூரம் ஓட வேண்டும். சில நாள்கள் ஓய்வு. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் நீண்ட ஓட்டம். தொடக்கத்தில் அது 10 அல்லது 12 கி.மீ. இருக்கும். பிறகு வாரந்தோறும் ஓரிரு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு இளைப்பாறுதல் தர வேண்டும். இப்படியே 30 அல்லது 32 கி.மீ. வரை போய், பந்தயத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன் மிக நீண்ட ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். அதன்பின் தூரம் குறைந்துகொண்டே வரும். பயிற்சியில் 42 கி.மீ. முழுவதையும் பெரும்பாலோர் ஓடுவதில்லை. அந்தக் களைப்பிலிருந்து மீள நெடுநாள் ஆகும் என்பதே காரணம்.

இதில் பலரும் தவறுவது வேகத்தில்தான். நீண்ட ஓட்டத்தைப் பந்தய வேகத்தில் ஓடக் கூடாது. பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். நாங்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறோம். ஓடும்போது செபமாலை சொல்கிறோம். அருள் நிறைந்த மரியே செபத்தை வாய்விட்டு முழுமையாகச் சொல்ல முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம்.

ஏன் மெதுவாக ஓட வேண்டும்?

நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்; அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 2000 கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கலோரி தேவை. 42 கி.மீ. ஓட 2500 கலோரிக்கு மேல் வேண்டும். எனவே இந்தச் சேமிப்பை மட்டும் நம்பி ஓடினால் 30 கி.மீ. தாண்டியதும் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்போது கால்கள் கல்லாகும், மனமும் சோர்ந்துவிடும். சுவரில் மோதிக்கொண்டோம் என்று ஓட்டக்காரர்கள் இதைச் சொல்வார்கள்.

ஆனால் உடலில் கொழுப்பு என்ற இன்னொரு சேமிப்பும் உண்டு. ஒல்லியானவரிடம்கூட அது பல மாரத்தான்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகமாக ஓடினால் உடல் மாவுச்சத்தையே அதிகம் செலவழிக்கும். மெதுவாக ஓடினால் கொழுப்பைக் கூடுதலாகப் பயன்படுத்தப் பழகும். வாரக்கணக்கில் இப்படி ஓடும்போது தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் கூடுகின்றன. இந்த வளர்ச்சி ஓடும்போது மட்டும் நடப்பதல்ல. ஓடியபின் உண்டு, உறங்கி, ஓய்வெடுக்கும்போதுதான் உடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

நியூசிலாந்து நாட்டுப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர். ஆக்லாந்து நகருக்கு அருகிலுள்ள வைட்டாக்கரே மலைச் சாலைகளில் ஞாயிறுதோறும் தம் சீடர்களை 22 மைல், அதாவது ஏறத்தாழ 35 கி.மீ. ஓடவைத்தார். 1960ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பேரி மெகீ மாரத்தானில் வெண்கலம் வென்றார். இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்கும் 35 கி.மீ. ஓடிய ஞாயிற்றுக்கிழமைகள் அடித்தளமாயின.

நாங்கள் விழுந்த இடம்

இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நாங்கள் தவறினோம். முதல்முறையாக 30 கி.மீ. ஓடக் கிளம்பிய காலையில் குளிர்ந்த காற்று வீசியது. வழியில் இளைஞர்கள் சிலர் எங்களை முந்திப் போனார்கள். எங்களுக்கும் ரோசம் வந்தது. செபமாலையை நிறுத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினோம். தாகமில்லை என்று தண்ணீரையும் தவிர்த்தோம். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு குவளைக் கடுங்காப்பி குடித்ததுதான்.

24ஆவது கிலோமீட்டரில் ஒருவருக்குக் கால் மரத்துப்போனது. இன்னொருவருக்கு உடல் நடுங்கியது. பேருந்து நிறுத்தத்தில் நால்வரும் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே சர்க்கரை கூட்டித் தேநீரும் ஆளுக்கொரு பன்னும் கொடுத்தார்கள். “சாப்பிடுங்கய்யா, முதல்ல சாப்பிடுங்க” என்றார்கள். பேருந்தில் ஏறி வீடு திரும்பினோம். எங்கே நின்றோம் என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. இனி வேண்டாம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

சூரைச்செடியின் அடியில்

அந்த வாரத்தில்தான் இறைவாக்கினர் எலியாவைப் பற்றிய பகுதியைச் சேர்ந்து வாசித்தோம். எலியாவும் ஓடியவர்தான். கர்மேல் மலையில் வெற்றி கண்ட நாளில் ஆகாபு அரசனின் தேருக்கு முன்னால் ஓடியவர் (1 அர 18:46). ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே ஈசபேலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, சாவை வேண்டிவிட்டு உறங்கிவிடுகிறார்.

அங்கே ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கர்மேலில் இருந்த துணிவு எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. தம் தூதரை அனுப்பி, தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் தருகிறார். எலியா உண்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, போக வேண்டிய வழி நீண்டது என்பதை நினைவூட்டி, உண்ணச் சொல்கிறார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைகிறார் (1 அர 19:1-8).

நாங்கள் நீண்ட ஓட்டத்தை எங்கள் பலத்தைக் காட்டும் இடமாக நினைத்திருந்தோம். அது பலம் பெறும் இடம் என்பது அப்போதுதான் விளங்கியது. தன் அளவை அறிந்து மெதுவாகப் போவதும், வேளாவேளைக்கு உண்பதும், பிறர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதும், ஓய்வெடுப்பதும் பலவீனம் அல்ல. அவை இல்லாமல் பயணம் இல்லை. திருச்சபை இந்த எலியா பகுதியைப் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறன்று, இரண்டாம் ஆண்டில், வானிலிருந்து இறங்கிவந்த உணவு தாமே என்று இயேசு கூறும் நற்செய்தியோடு (யோவா 6:41-51) சேர்த்து வாசிக்கத் தருகிறது. நற்கருணை பந்தயத்தில் வென்றவர்களுக்கான பரிசு மட்டுமல்ல. களைத்துப்போனவர்களுக்கான வழியுணவும் அதுவே.

மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் கிளம்பினோம். செபமாலை வேகத்திலேயே ஓடினோம். அரை மணிக்கு ஒருமுறை நின்று வாழைப்பழம், பேரீச்சம்பழம், கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். களைத்தவருக்காக மற்றவர்கள் நடந்தோம். 30 கி.மீ. முடிக்க நான்கு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. முடித்தபோது ஆரவாரம் இல்லை. மனத்தில் நன்றி மட்டும் இருந்தது.

நம் பங்குகளில் ஓடுகிறவர்கள்

காலணி அணியாமலே நீண்ட ஓட்டம் ஓடுகிறவர்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். படுக்கையில் கிடக்கும் தாயை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் மகள், குடிக்கு அடிமையான கணவருக்காக நாள்தோறும் செபிக்கும் மனைவி, வேலை கிடைக்காத பிள்ளைக்காக நவநாள் மேல் நவநாள் செய்யும் தந்தை. இவர்களில் பலர் முதல் மாதத்திலேயே முழு வேகத்தில் ஓடி, ஒருநாள் சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது விசுவாசக் குறைவு என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு நாம் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை உணவு கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒருநாள் நோயாளியின் அருகில் நாம் இருந்து, மகளை உறங்கச் சொல்லலாம். எலியாவுக்கு வானதூதர் செய்தது அதுதான்.

ஓட விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

இதய நோய், நீரிழிவு போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். தண்ணீர் குடிக்காமல் ஓடுவது போலவே, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. உடலில் உப்பு குறைந்துவிடும். கடுமையாக நோன்பிருக்கும் நாள்களில் நீண்ட ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

ஞாயிறு காலை ஓடுவதால் திருப்பலி தவறிவிடக் கூடாது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்பதும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1248). விளையாட்டைத் திருச்சபை ஒதுக்கவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரர்களுக்காக யூபிலித் திருப்பலி நிறைவேற்றினார். 2019ஆம் ஆண்டு வத்திக்கானிலேயே ஒரு தடகளக் கழகம் முறையாகத் தொடங்கப்பட்டது. சுவிஸ் காவலர்களும் அருள்பணியாளர்களும் அருள்சகோதரிகளும் அதில் சேர்ந்து ஓடுகிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, தூய பவுல் தம் வாழ்வின் முடிவில், ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்ற மனநிறைவோடு திமொத்தேயுவுக்கு எழுதினார் (2 திமொ 4:7). யாரையும் முந்திவிட்டதாக அங்கே அவர் சொல்லவில்லை. நம் வழியும் நீண்டதுதான். இன்று நாம் எந்த இடத்தில் களைத்து உட்கார்ந்திருக்கிறோம்? நமக்கு நீட்டப்படும் அப்பத்தை வாங்கிக்கொள்கிறோமா? அருகில் களைத்துக் கிடப்பவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமா? இந்த வாரம் சிந்திப்போம். எழுந்து உண்போம், மெதுவாகவேனும் சேர்ந்தே நடப்போம்.