ஆகாயத்துக்கு இடம் விட்ட சிற்பி

கட்டடத்தின் உயரத்தைக் கொண்டு அதைக் கட்டியவரின் பெருமையை அளக்கும் வழக்கம் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பிறந்து உலகெங்கும் பரவிவிட்ட இக்காலத்தில், அந்த அமெரிக்காவிலேயே வித்தை பயின்று, நியூயார்க்கின் நடுவிலேயே உயர்ந்ததொரு மாளிகையை எழுப்பிய சார்லஸ் கொரியாவின் மேதையை முழுமையாக அறிய விரும்புகிறவர்கள், புனே பல்கலைக்கழக வளாகத்தில், உயரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஒரு கட்டடத்தையும் பார்த்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1930-இல் செகந்திராபாத்தில் பிறந்த கொரியா, மிச்சிகன் சர்வகலாசாலையிலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, 1958-இல் பம்பாயில் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். உபயோகமே உருவத்தை நிர்ணயிக்கும் என்று வானளாவிகளின் ஆதி ஆசாரியரான லூயி சல்லிவன் விதித்திருக்க, நம் தேசத்தில் அந்த அதிகாரம் வெயிலுக்கும் காற்றுக்கும் மழைக்குமே உரியது என்று கொரியா கருதினார்.

அந்தக் கொள்கைக்குக் கடினமான பரீட்சை, 1983-இல் நிறைவெய்திய பம்பாய் காஞ்சன்ஜங்கா அடுக்ககம். கடற்காற்று வேண்டுமானால் அந்நகரில் வீடு மேற்கு நோக்க வேண்டும். மேற்கு நோக்கினாலோ பிற்பகல் வெயிலும் பருவமழையும் நேரே உள்ளே புகும். பழைய பங்களாக்கள் வீட்டைச் சுற்றித் தாழ்வாரம் இழைத்து இந்தச் சங்கடத்தைத் தீர்த்துக்கொண்டன. அதே தாழ்வாரத்தைத் தரையிலிருந்து பெயர்த்தெடுத்து, 84 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் மூலைகளில், இரண்டு மாடி உயரமுள்ள தோட்ட முற்றங்களாகக் குடைந்து வைத்தார் கொரியா. நடுவே உறுதியான கான்கிரீட் தண்டு ஒன்று நின்று தாங்க, மூலைகளைத் திறந்துவிடுவது சாத்தியமாயிற்று. இருபத்தெட்டு மாடிகளில் முப்பத்திரண்டே வீடுகள். செல்வந்தர்களுக்கான வாசஸ்தலம்தான், ஆயினும் அதில் அடங்கிய யுக்தி எல்லோருக்கும் பொதுவானது. கண்ணாடியால் மூடிக் குளிர்சாதனத்தை நம்பி எழும் இன்றைய புனேயின் கோபுரங்களைக் காணும்போது, அந்த யுக்தி நாற்பது ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தும் பயன்படாமற் போனதே என்ற வருத்தம் எனக்கு உண்டாகிறது.

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு அவர் வகுத்த செந்நிற மாளிகையின் உச்சியிலும், திறந்த முன்றில் ஒன்று இருக்கிறது.

விஞ்ஞானி ஜயந்த் நார்லீகர் 1988-இல் நிறுவிய வானியல், வானியற்பியல் ஆய்வு மையத்துக்காகப் புனேயில் வேலை செய்தபோதோ, உயரம் என்ற விவகாரமே எழவில்லை. ஆகாயமே அங்கு விஷயமாக இருந்தது. அந்தப் பிரதேசத்துக்கே உரிய கருங்கல்லால் சுவரை எழுப்பி, அதன்மேல் இன்னும் கறுத்த கடப்பைக் கல்லையும், அதற்கும் மேலே மேகங்கள் பிரதிபலிக்கும்படி மெருகேற்றிய கருங்கல்லையும் வைத்து, கண் மேலே செல்லச் செல்லச் சுவர் வானோடு கலந்துவிடும்படி செய்தார். மத்தியில், கோவில் குளத்தைப்போல் படிகள் இறங்கும் முற்றம். அதில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் ஆகியோரின் சிலைகள். மாணவர்கள் தங்கள் வழியே நடந்துபோகும்போது இந்நால்வரிடையே செல்ல நேர்கிறது என்பது, எந்த உபந்நியாசத்தாலும் கிட்டாத போதனை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, காஞ்சன்ஜங்கா முடிந்த அதே 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் அங்குள்ள அரங்கத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.