வட்டில் ஒரு வரப்பு



2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் கேட்க வேண்டியதாயிற்று. நம் தோட்டப்புற வீடுகள் பலவற்றில் மடிக்கணினி நுழைந்தது அப்பொழுதுதான். கைமாறி வந்த பழைய கணினிகளும் அவற்றுள் உண்டு. அவற்றில் பலவும் விண்டோஸ் 10 கொண்டு இயங்குபவை. அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கேட்கிறது. பழைய கணினிகள் பல அதில் தேறுவதில்லை.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்பீர்கள். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்த வருமானத்தில் தவணைக் கடன் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வது எளிய காரியமா? ஆகவே, இருக்கின்ற கணினியிலேயே இன்னோர் இயங்குதளத்தையும் குடியமர்த்தும் முறையை இன்று அறிந்துகொள்வோம்.

இயங்குதளம் என்பது யாது? காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் கங்காணியைப் போன்றது அது. திரை, விசைப்பலகை, வட்டு ஆகிய எல்லாவற்றையும் வேலை வாங்குவது அதன் பொறுப்பு. விண்டோஸ் ஒரு கங்காணி என்றால், லினக்ஸ் மற்றொரு கங்காணி. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்தது அது. உபுண்டு, மின்ட் முதலியவை அதன் வகைகள், இவற்றுக்கு விலையில்லை. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருக்கலாம். ஆனால், ஒரு நேரத்தில் ஒரு கங்காணிதான் பெரட்டுக் களத்தில் நிற்பார்.

இது புதுமையன்று. தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசும் லினக்சும் ஒருங்கே இருந்தன. கணினியைத் திறக்கும்போது மாணவர்கள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொண்டார்கள்.

இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது எப்படி? சபாக், சுங்கை பெசார் வட்டாரத்து நெல் வயல்களை நாம் அறிவோம். நிலம் ஒன்றே, வரப்புதான் பாத்திகளைப் பிரிக்கிறது. வட்டையும் அவ்வாறே பிரிக்கிறோம். ஆனால், வட்டில் உள்ள வரப்பு மண்ணால் ஆனதன்று. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு சிறு அட்டவணையே அது. 1983இல் ஐபிஎம் கணினிகளில் இது வந்தபோது நான்கு பகுதிகளுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. இன்றைய ஜிபிடி அட்டவணையில் பொதுவாக 128 பகுதிகள் வரை குறிக்கலாம். நில அலுவலகத்து வரைபடம் தொலைந்தால் எது யார் நிலம் என்று தெரியாமல் போவதுபோல, இந்த அட்டவணை கெட்டால் உள்ளேயிருக்கும் கோப்புகளுக்கு வழி தெரியாமல் போகும். எனவே, இவ்வேலையில் அவசரம் கூடாது.

முதல் வேலை, பிள்ளைகளின் பாடங்கள், குடும்பப் படங்கள், பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றை வெளியே ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைப்பது. படியெடுத்தவை திறக்கின்றனவா என்றும் திறந்து பார்த்துவிட வேண்டும். அடுத்து, 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். போடப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வோம். பின்னர், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துவோம். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும்.

இப்பொழுது வரப்புப் போடலாம். விண்டோசில் உள்ள 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து, 'சி' பகுதியைத் தேர்ந்து, 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுக்க வேண்டும். 256 ஜிபி என்று விற்கப்படும் வட்டு விண்டோசில் ஏறத்தாழ 238 என்றுதான் தெரியும். கணக்கிடும் முறை வேறு, ஏமாற்று இல்லை. அதில் 60 ஜிபி ஒதுக்கினால் லினக்சுக்குத் தாராளம். அளவை எம்பியில் கேட்பதால் 61440 என்று எழுத வேண்டும். ஒதுக்கிய இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுவோம். அங்கே தெரியும் மற்றச் சிறு பகுதிகள் கணினி எழுவதற்கும் பழுது நீக்குவதற்கும் உரியவை. அவற்றைத் தொடவே கூடாது.

லினக்சைப் பதித்த மற்றொரு பென் டிரைவைச் செருகிக் கணினியைத் திறந்தால், வட்டைத் தொடாமலேயே லினக்சை ஓட்டிப் பார்க்கலாம். இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று அப்போதே சோதித்துவிடுவது நல்லது. மனநிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவ வேண்டும். நிறுவும்போது இரண்டு வழிகளைக் காட்டும். விண்டோசுக்குப் பக்கத்தில் நிறுவுவது ஒன்று. 'இரேஸ் டிஸ்க்' என்று வட்டு முழுவதையும் துடைப்பது மற்றொன்று. நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதைத் தெரியாமல் அழுத்தினால், பாத்தி மட்டுமன்று, வயலே போய்விடும். மின்னேற்றியைச் செருகி வைத்துக்கொண்டு, இடி மின்னல் இல்லாத வேளையில் இதனைச் செய்ய வேண்டும்.

முடிந்தபின், கணினியைத் திறக்கும்போதெல்லாம் எந்த இயங்குதளம் வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். இணையத்துக்கும் பாடத்துக்கும் லினக்சைப் பயன்படுத்தலாம். விண்டோசில் மட்டுமே ஓடும் மென்பொருளுக்கு அந்தப் பக்கம் போகலாம். விண்டோசுப் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸ் படிக்கும். லினக்ஸ் பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஆதலால், இரண்டிலும் வேண்டிய கோப்புகளை விண்டோசுப் பகுதியில் வைப்பதே வசதி.

தனியே செய்யத் தயக்கம் இருந்தால், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் செய்வோம். ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். வரப்பை நாளை இடம் மாற்றிப் போடலாம். ஆனால், படியெடுக்காமல் இழந்த படம் திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. முதலில் படி, பிறகு வரப்பு.